தொட்டாச்சிணுங்கிக்கு நரம்பு இருக்கா? ஜகதீஷ் சந்திர போஸ் கண்டது எது, தவறவிட்டது எது?

மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் வாய்க்கால் ஓரமாக நடந்தவர்களுக்கு இந்தச் செடியை அறிமுகப்படுத்தவே வேண்டாம். கால் பட்டதும் இலைகள் வரிசையாக மூடிக்கொள்ளும். சில நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி விரியும். தொட்டாச்சிணுங்கி, தொட்டால் சுருங்கி என்று ஊருக்கு ஒரு பேர். சின்ன வயதில் இதைத் தொட்டு விளையாடாதவர்கள் சேலம், நாமக்கல் கிராமங்களில் குறைவுதான்.

ஒரு இலையின் நுனியைத்தான் தொடுகிறோம். ஆனால் தொடாத இலைகளும் அடுத்தடுத்து மூடுகின்றன. தொட்ட செய்தி அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது? செடிக்குள் நரம்பு ஓடுகிறதா?

இந்தக் கேள்விக்காக வாழ்க்கையில் சுமார் 35 ஆண்டுகளைச் செலவிட்டவர் ஜகதீஷ் சந்திர போஸ். பள்ளிப் பாடத்தில் அவரைப் பற்றி நமக்கு நினைவிருப்பது பெரும்பாலும் ஒரே வரிதான்: தாவரங்களுக்கு உயிர் இருப்பதைக் கண்டுபிடித்தவர். வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் அதேதான். ஆனால் அந்த வரி சரியில்லை. அவர் நிஜமாகவே கண்டது அதைவிட சுவாரஸ்யமானது. அவர் தவறவிட்டது ஒன்றும் உண்டு. அது நம் சமையலறை உப்பில் இருக்கும் சோடியம்.

தாவரத்துக்கு உயிர் இருப்பது முன்பே தெரியாதா?

தெரியும். நல்லாவே தெரியும். உயிர்களை அறிவின்படி வரிசைப்படுத்தும் தொல்காப்பியம், புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்கள் பட்டியலில் வைக்கிறது. அந்த ஒரு அறிவு எது தெரியுமா? தொடு உணர்வு. மேலை நாட்டு அறிவியலிலும் போஸ் பிறப்பதற்கு முன்பே தாவரங்கள் உயிருள்ளவைதான். இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

போஸ் எழுப்பிய கேள்வி வேறு. விலங்கின் உடலில் தொட்டால், குத்தினால், சுட்டால் மின்சமிக்ஞை ஓடுகிறது. அதே மாதிரி சாதாரணச் செடியிலும் ஓடுகிறதா? ஓடினால் அதை அளக்க முடியுமா? இதுதான் அவர் கையில் எடுத்த விஷயம்.

மீனவர் மகனோடு ஒரே பெஞ்சில்

1858 நவம்பர் 30. இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் போஸ் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ், ஆங்கிலேய அரசில் டெபுடி மாஜிஸ்திரேட். அந்தக் காலத்தில் அப்படி ஒரு அதிகாரியின் பையன் என்றால் நேராக இங்கிலீஷ் பள்ளிக்கூடம்தான். அப்பா அப்படிச் செய்யவில்லை. தாய்மொழியும் சொந்த மக்களும் முதலில் தெரியட்டும் என்று வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். வீட்டு உதவியாளரின் மகனும், ஒரு மீனவரின் மகனும் அவரோடு ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். ஆற்று மீன், வயல் பூச்சி, காட்டுச் செடி பற்றிய கதைகளை அவர்களிடம் கேட்டு வளர்ந்தார் போஸ். செடிகள் மீதான ஆர்வத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது.

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரி. அங்கே லஃபோன் என்ற பாதிரியார் இயற்பியல் சோதனைகளைச் செய்து காட்டிப் பாடம் நடத்தினார். போஸுக்கு இயற்பியல் பிடித்துப் போனது அவரால்தான். 1880ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். உடம்பு ஒத்துழைக்கவில்லை, காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியலுக்கு மாறினார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர், பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ரேலி பிரபு.

3 ஆண்டு சம்பளம் வாங்காத பேராசிரியர்

1885ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கே ஒரு சிக்கல். அதே வேலையைச் செய்யும் ஐரோப்பியருக்கு முழுச் சம்பளம். இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. போஸின் பதவி தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. ஆக, கைக்கு வருவது மூன்றில் ஒரு பங்கு.

போஸ் சண்டை போடவில்லை. வேலையையும் விடவில்லை. தினமும் வந்து பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை, 3 ஆண்டு. அப்பா தொழில் முயற்சிகளில் நஷ்டப்பட்டு வீடு கடனில் இருந்த நேரம் அது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. பதவியை நிரந்தரமாக்கி, பழைய பாக்கியையும் முழுச் சம்பளமாகவே கொடுத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனை அடைக்கப் போனது.

இதற்கு நடுவில், 1887ல் அபலா தாஸுடன் திருமணம். அபலாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மருத்துவம் படிக்க ஆசைப்பட்ட அவருக்கு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இடமில்லை. காரணம், அப்போது அங்கே பெண்களைச் சேர்ப்பதில்லை. அதனால் 1882ல் வங்காள அரசின் உதவித்தொகையோடு சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து படித்தார். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க முடியவில்லை. பின்னாளில் வங்காளத்தில் பெண் கல்விக்காகவே வாழ்ந்தவர் இவர். சம்பளம் வராத நாட்களில் வீட்டை ஓட்டியதும் இவர்தான்.

ரேடியோ அலையிலிருந்து செடிக்கு எப்படி வந்தார்?

கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒரு சின்ன அறை கிடைத்தது. கருவிகளை உள்ளூர்த் தகரப் பட்டறைத் தொழிலாளியை வைத்துச் செய்துகொண்டார். திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் லாரி பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வரைபடம் போட்டுக் கொடுத்து, பக்கத்தில் நின்று, மில்லிமீட்டர் பிசகாமல் வேலை வாங்கும் அதே முறைதான்.

அப்படிச் செய்த கருவிகளால் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கினார். 1890களின் நடுவில் கல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன்னால் ஒரு செய்முறை. அலை சுவரைத் தாண்டிப் போய் மணியை அடித்தது, வெடிமருந்தை வெடிக்க வைத்தது. கம்பி எதுவும் இல்லை. 1897ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதைப் பற்றி உரையாற்றினார். வியாபாரத்தில் அவருக்கு நாட்டமில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் அலைகளைக் கண்டறியும் ஒரு கருவிக்கு மட்டும் அமெரிக்கக் காப்புரிமை வந்தது, 1904ல்.

இங்கேதான் திருப்பம். அலைகளைப் பிடிக்கும் உலோகக் கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அது மந்தமாகிவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் பழையபடி வேலை செய்யும். அந்த ஏற்ற இறக்கத்தைக் காகிதத்தில் வரைந்து பார்த்த போஸுக்கு ஆச்சரியம். களைத்துப்போன தசை ஓய்வெடுத்து மீளும்போது வரும் கோடு மாதிரியே இருந்தது! உலோகத்திலேயே இப்படி என்றால், உயிருள்ள செடியில்?

அந்தக் கேள்விதான் அவரை இயற்பியல் அறையிலிருந்து செடிகளிடம் கூட்டிப் போனது.

லண்டனில் கிடைத்த அடி

1901ல் லண்டனில் இருந்த போஸ், சாதாரண இலைகளையும் காரட், டர்னிப் போன்ற காய்கறிகளையும் வைத்துச் சோதனை செய்தார். தட்டினாலோ முறுக்கினாலோ அவற்றில் மின்னழுத்தம் மாறியது. விஷம் கொடுத்ததும் அந்த மாற்றம் படிப்படியாகக் குறைந்து நின்றது. மயக்க மருந்தான குளோரோஃபார்ம் கொடுத்தால் மங்கியது.

இந்த முடிவுகளோடு ராயல் சொசைட்டிக்குப் போனார். எதிரே உட்கார்ந்திருந்தவர் பர்டன் சாண்டர்சன். உடலியல் துறையில் அன்றைக்குப் பெரிய பெயர். பூச்சியைப் பிடித்துச் சாப்பிடும் வீனஸ் ஃபிளைட்ராப் செடியில் மின்சமிக்ஞை இருப்பதை 1873லேயே காட்டியவர் அவர்தான். அதாவது செடியில் மின்சமிக்ஞையைக் கண்ட முதல் ஆள் போஸ் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட சிறப்புச் செடிகளில் மட்டும்தான் அது சாத்தியம், சாதாரணச் செடியில் இருக்காது என்பது சாண்டர்சனின் உறுதியான எண்ணம். இயற்பியல்காரர் தன் துறைக்குள் வந்து, விலங்குக்குச் சொல்லும் சொற்களைச் செடிக்குச் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. போஸ் சொற்களை மாற்ற மறுத்தார். அவருடைய கட்டுரை அச்சேறாமல் அலமாரிக்குப் போனது.

போஸ் ஓய்ந்துவிடவில்லை. கட்டுரையாகப் போட மாட்டார்களா, புத்தகமாகப் போடுவேன் என்று இறங்கினார். 1902, 1906, 1907 என்று வரிசையாகப் பெரிய புத்தகங்கள். கையெழுத்துப் பிரதிகளைச் சீர்படுத்த உதவியவர் சகோதரி நிவேதிதா. கவிஞர் தாகூர் நெருங்கிய நண்பராக இருந்து தைரியம் கொடுத்தார்.

தொட்டாச்சிணுங்கியும் தொழுகண்ணியும்

போஸுக்கு மிகவும் பிடித்த சோதனைச் செடிகள் இரண்டு. ஒன்று நம் தொட்டாச்சிணுங்கி. இன்னொன்று, சித்த வைத்தியர்கள் தொழுகண்ணி என்று சொல்லும் செடி. கொல்லிமலை மூலிகைப் பேச்சு வந்தாலே அழுகண்ணி, தொழுகண்ணி என்று இந்தப் பேரும் சேர்ந்து வந்துவிடும். யாரும் தொடாமலேயே இதன் சின்ன இலைகள் மேலும் கீழும் அசைந்துகொண்டிருக்கும். அந்த அசைவை போஸ் இதயத் துடிப்போடு ஒப்பிட்டார்.

தொட்டாச்சிணுங்கியில் அவர் தீர்க்க நினைத்தது ஒரு பழைய வழக்கு. அந்தச் செடியில் செய்தி போவது மின்சாரத்தால் இல்லை, ரப்பர் குழாயை ஒரு முனையில் அழுத்தினால் மறுமுனையில் தண்ணீர் தள்ளுகிற மாதிரி, உள்ளே இருக்கும் நீரின் அழுத்தத்தால்தான் என்று ஜெர்மன் அறிஞர்கள் சொல்லியிருந்தார்கள்.

போஸின் சோதனை எளிமையானது. தண்டின் நடுவில் ஓரிடத்தைக் குளிர வைத்தார். செய்தி தாமதமானது, நின்றும் போனது. மயக்க மருந்து தடவினார். அப்போதும் நின்றது. வெறும் தண்ணீர் அழுத்தம் என்றால் மயக்க மருந்து அதை ஏன் நிறுத்த வேண்டும்? உயிருள்ள செல்கள்தான் செய்தியைக் கடத்துகின்றன என்று வாதாடினார். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நேரம் பதியும் கருவியைத் தானே வடிவமைத்து, செய்தி போகும் வேகத்தையும் அளந்தார். சூடேற்றிக்கொண்டே போனால் சுமார் 60 டிகிரி செல்சியஸில் செடி சாகும் நேரத்தில் ஒரு மின் துடிப்பு வருவதையும் பதிவு செய்தார்.

செடியின் வளர்ச்சியை ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியும் அவருடையதுதான். இந்தக் கருவி சொல்வது நிஜமா என்று லண்டனில் சந்தேகம் கிளம்பியது. 1920ல் அங்கேயே விஞ்ஞானிகள் முன்னால் ஓட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டு ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. கட்டுரையை அலமாரியில் வைத்த அதே சொசைட்டி!

அதற்கு முன்பே, 1917ல், தன் 59வது பிறந்தநாளில் கல்கத்தாவில் போஸ் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கியிருந்தார். இன்றும் அது இயங்குகிறது.

அவர் எங்கே தவறினார்?

வெற்றி வந்த பிறகு போஸ் ஒரு படி அதிகமாகவே தாண்டினார். செடியில் செய்தி போவதும் விலங்கின் நரம்பில் செய்தி போவதும் அடிப்படையில் ஒன்றேதான் என்று சொன்னார். 1926ல் அவர் போட்ட ஒரு புத்தகத்தின் தலைப்பே தாவரங்களின் நரம்பு அமைப்பு பற்றியதுதான். வெளியே தெரியும் கோடுகள் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தன. அதனால் உள்ளே நடப்பதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அன்றைக்குக் கருவியே கிடையாது. ஒரு சின்னத் தடயம் மட்டும் இருந்தது. 1902ல், போஸின் முதல் பெரிய புத்தகம் வந்த அதே ஆண்டில், எர்னஸ்ட் ஓவர்ட்டன் என்ற அறிஞர் தவளைத் தசையை சோடியம் இல்லாத கரைசலில் வைத்துப் பார்த்தார். தசை தூண்டலுக்கு அசைவதை நிறுத்திவிட்டது. சோடியம் திரும்பக் கிடைத்ததும் மறுபடி அசைந்தது. அதன் முழு அர்த்தம் பல ஆண்டுகள் யாருக்கும் புரியவில்லை.

1937 நவம்பர் 23. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கிரிதியில் போஸ் காலமானார். 79வது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

2 ஆண்டு கழித்து கணவாய் மீன் சொன்ன பதில்

1939. இங்கிலாந்தின் பிளைமவுத் கடற்கரை ஆய்வகம். ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இரண்டு பேர் கணவாய் மீனின் உடலில் இருக்கும் ஒரு பெரிய நரம்பிழையை எடுத்தார்கள். நம் நரம்பிழைகள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தடிமன்தான். கணவாயின் இந்த இழையோ அரை மில்லிமீட்டர், சிலதில் ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும். அதற்குள் மெல்லிய மின்முனையைச் செருகி, நரம்புக்குள் செய்தி ஓடும்போது மின்னழுத்தம் எப்படி மாறுகிறது என்று நேரடியாக அளந்தார்கள்.

உலகப் போர் வந்து வேலை நின்றது. போர் முடிந்த பிறகு, 1949ல் ஹாட்ஜ்கினும் பெர்னார்ட் காட்ஸும் முக்கியமான ஒன்றைக் காட்டினார்கள்: வெளியே சோடியத்தைக் குறைத்தால் நரம்புச் சமிக்ஞையின் உயரமும் குறைகிறது. 1952ல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் முழுக் கணக்கையும் வெளியிட்டார்கள். 1963ல் நோபல் பரிசு. 1984ல் ஜப்பானின் ஷோசாகு நூமா குழு, மின்சார விலாங்கு மீனிலிருந்து சோடியம் சேனல் புரதத்தின் முழு அமைப்பு வரிசையைப் படித்தது.

சோடியம் சேனல் என்றால் என்ன? மேட்டூர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள்

நரம்பு செல்லைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. வெளியே சோடியம் அதிகம், உள்ளே அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். சவ்வின் உட்பக்கம், வெளிப்பக்கத்தை விடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. மேட்டூர் அணையில் ஒருபக்கம் தண்ணீர் நிறைந்து நிற்க, மறுபக்கம் பள்ளமாக இருப்பது மாதிரி. மதகைத் திறந்தால் தண்ணீரை யாரும் தள்ள வேண்டியதில்லை. தானே பாயும்.

அந்த மதகுதான் சோடியம் சேனல். சவ்வைத் துளைத்து நிற்கும் ஒரு புரதம். சாதாரண நேரத்தில் மூடியிருக்கும். பக்கத்தில் மின்னழுத்தம் கொஞ்சம் மாறினால் ஒரு மில்லி நொடிக்குள் திறந்துவிடும். சோடியம் அயனிகள் உள்ளே பாயும். உட்பக்கம் மைனஸிலிருந்து பிளஸுக்கு மாறும். அந்த மாற்றம் அடுத்த மதகுக்குத் தெரியும், அதுவும் திறக்கும். பிறகு அதற்கடுத்தது. இப்படித்தான் கால் விரலில் குத்திய முள்ளின் செய்தி தலைக்கு ஏறுகிறது. வேகமான நரம்புகளில் இது நொடிக்கு 100 மீட்டர் வரைகூடப் போகும்.

திறந்த மதகு திறந்தே இருந்தால் வேலை கெட்டுவிடும். அதனால் ஓரிரு மில்லி நொடியில் சோடியம் சேனல் தானாக அடைத்துக்கொள்ளும். உடனே பொட்டாசியம் வெளியேறி மின்னழுத்தம் பழைய நிலைக்கு வரும். உள்ளே வந்த சோடியத்தை வெளியே இறைக்க ஒரு தனி மோட்டாரும் சவ்வில் உண்டு. அது நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்போ செடியில்?

செடியிலும் மின்சமிக்ஞை ஓடுகிறது. போஸ் சொன்னது சரி. ஆனால் நம் நரம்பில் இருக்கும் அந்த சோடியம் மதகு நிலத்தில் வளரும் செடிகளில் இல்லை. அங்கே வேலையைத் தொடங்குவது கால்சியம். கால்சியம் செல்லுக்குள் வந்ததும் குளோரைடு வெளியே பாய்கிறது, பின்னாலேயே பொட்டாசியமும் வெளியேறுகிறது. நம் நரம்பில் சோடியம் உள்ளே வருவதால் மின்னழுத்தம் மாறுகிறது. செடியில் முக்கியமாக குளோரைடு வெளியே போவதால் மாறுகிறது. கோடு ஒரே மாதிரி, வழி வேறு.

இதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. விலங்குகளின் உடல் திரவம் உப்பு நீர்தான், சோடியத்துக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலான செடிகளுக்கு சோடியம் வேண்டாத விருந்தாளி. உப்பு ஏறிய நிலத்தில் பயிர் என்ன பாடுபடும் என்று விவசாயிகளிடம் கேட்டால் சொல்வார்கள். அதனால் கையில் இருக்கும் பொருளை வைத்துச் செடி தனக்கென்று ஒரு வழியை உருவாக்கிக்கொண்டது.

வேகத்திலும் பெரிய வித்தியாசம். தொட்டாச்சிணுங்கியில் செய்தி நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான் போகிறது. செய்தி சேர்ந்ததும் இலைக்காம்பின் அடியில் இருக்கும் மூட்டு போன்ற பகுதியில் ஒருபக்கச் செல்கள் நீரை இழந்து தளர்கின்றன, இலை மடிகிறது. ஆக, கடைசிக் கட்டத்தில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. ஜெர்மன் அறிஞர்களும் முழுக்கத் தப்பில்லை.

இலை மூடுவதால் செடிக்கு என்ன லாபம்?

2022ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் தொட்டாச்சிணுங்கிக்குள் கால்சியம் ஓடுவதை ஒளிரவைத்துப் படம் பிடித்தார்கள். கால்சியமும் மின்சமிக்ஞையும் ஒன்றாகவே ஓடின. இலை மூட முடியாதபடி செய்த செடிகளையும், சாதாரணச் செடிகளையும் வெட்டுக்கிளிகளிடம் விட்டார்கள். மூட முடியாத செடிகளைத்தான் அவை அதிகமாகத் தின்றன. நாம் வெட்கம் என்று பேர் வைத்தது, செடிக்குத் தற்காப்பு.

சரி, செடிக்கு வலிக்குமா? மின்சமிக்ஞை இருக்கிறது என்பதால் வலி இருக்கிறது என்று ஆகிவிடாது. வலியை உணர, வந்த செய்திகளைச் சேர்த்துப் புரிந்துகொள்ளும் மூளை மாதிரி ஒன்று வேண்டும். செடியில் அப்படி ஒன்று இருப்பதற்கு ஆதாரம் கிடையாது. கீரை கிள்ளும்போது செடி அழுகிறது என்று ரீல்ஸ் வந்தால் போஸ் பேரைச் சொல்லி ஷேர் செய்ய வேண்டாம்.

இந்த மதகு நம் வாழ்க்கையில் எங்கெல்லாம் வருகிறது?

- பல் டாக்டர் ஊசி: பல் பிடுங்கும் முன் போடும் லிக்னோகைன் சோடியம் சேனலை அடைத்துவிடுகிறது. மதகு திறக்காததால் வலியின் செய்தி மூளைக்குப் போகாது. உதடு மரத்துப் போவதும் அதனால்தான்.

- தேள் கடி: கரடு, கல் கட்டு, ஓட்டு வீடு இருக்கும் பகுதிகளில் செந்தேள் பயம் உண்டு. அதன் விஷம் சோடியம் சேனலை மூட விடாது. நரம்புகள் நிற்காமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். வியர்வை, வாந்தி, இதயப் பாதிப்பு வரை போகலாம், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. கை வைத்தியம் பார்த்து நேரம் போக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

- கொசு விரட்டி: கொசுவத்தி, லிக்விட் இரண்டிலும் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து, பூச்சியின் சோடியம் சேனலைத் திறந்தபடியே நிறுத்தி வைக்கிறது. கொசு துடித்து விழுவது அதனால்.

- வலிப்பு மாத்திரை: ஃபெனிடாய்ன் போன்ற சில மருந்துகள், அளவுக்கு மீறித் திறக்கும் சோடியம் சேனல்களைக் கட்டுப்படுத்துகின்றன. டாக்டர் சொல்லாமல் இவற்றை நிறுத்தக் கூடாது.

போஸை எப்படி நினைவில் வைப்பது?

தாவரத்துக்கு உயிர் இருப்பதைக் கண்டவர் என்று சொன்னால் அது அவருக்குப் பெருமை இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததைக் கண்டுபிடித்தவர் என்று ஆகிவிடும். செடிக்கும் நமக்கும் ஒரே நரம்புதான் என்று நிரூபித்தவர் என்று சொன்னால் அது தப்பு.

சரியாகச் சொன்னால் இப்படி: சாதாரணச் செடிகளிலும் மின்சமிக்ஞை ஓடுகிறது என்று, பெரிய அறிஞர்கள் மறுத்த காலத்தில், தகரப் பட்டறையில் செய்த கருவிகளால் அளந்து காட்டியவர். அந்த அளவுகோல்கள் அவரைக் கைவிடவில்லை. அளந்ததற்கு அவர் கொடுத்த விளக்கத்தில் ஒரு பாதி மட்டும் நிற்கவில்லை. அந்தப் பாதிக்கு வேண்டிய சாவி சோடியத்தில் இருந்தது. அது கிடைக்கத் தொடங்கியபோது அவர் இல்லை.

அடுத்த முறை வரப்பில் தொட்டாச்சிணுங்கியைப் பார்த்தால் பிள்ளைகளை ஒரு தரம் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்ட விரலிலிருந்து செய்தி மேலே போவது சோடியத்தால். தொட்ட இலையிலிருந்து செய்தி அடுத்த இலைக்குப் போவது கால்சியத்தாலும் குளோரைடாலும். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று முதலில் துணிந்தவர் ஜகதீஷ் சந்திர போஸ் என்பதையும் அப்படியே சொல்லி வையுங்கள்.